தட்டில் ஏறாத பாட்டு

தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரம் வட்டத்தைச் சேர்ந்த ஊர் ஏரியூர். அங்கிருந்து காவிரியை நோக்கிச் சென்றால் நாகமறை என்னும் சிற்றூர் வரும். அவ்விடத்தில் காவிரி ஓடுவதில்லை; விரிந்து நிற்கிறது. 1934ஆம் ஆண்டு மேட்டூர் அணை முடிந்தபின் பின்னோக்கிப் பரந்த நீர், கரையோரத்துக் குடியிருப்புகள் பலவற்றைத் தன்னுள் வாங்கிக்கொண்டது. அங்கு வாழ்ந்தோர் மூட்டை முடிச்சுகளோடு மேட்டு நிலம் தேடிப் போயினர். எடுத்துச் செல்ல இயலாதவை நீருக்கடியில் தங்கின.

நாகமறைக்கு எதிர்க்கரையில் உள்ளது பண்ணவாடி. அணையின் நீர்மட்டம் வெகுவாகத் தாழும் காலங்களில் அங்கே ஒரு காட்சி தோன்றும். நீரில் மூழ்கிய ஜலகண்டேசுவரர் ஆலயத்தின் நந்தி முதலில் தலை காட்டும். பிறகு கழுத்தும் முதுகும் தெரியும். பழைய கிறித்தவ ஆலயம் ஒன்றின் கோபுரமும் அவ்வாறே மேலெழும். மழை பெய்து அணை நிரம்பும்போது இரண்டும் மீண்டும் மறையும்.

கல் எத்தனை ஆண்டு நீருக்குள் கிடந்தாலும் ஒரு நாள் வெளியே வரும். அந்த நந்தியின் முன் நின்று பாடியவர்களின் குரல் வராது. அந்த ஊர்களின் தாய்மார் பாடிய தாலாட்டு, அம்மனுக்குக் கொட்டிய கும்மி, மாவிளக்கு எடுத்துச் செல்லும்போது பாடிய வரிகள் ஆகியவை, மேடேறிச் சென்றவர்களின் நினைவில் எவ்வளவு நின்றனவோ அவ்வளவே இன்று உண்டு. இத்தனைக்கும் அதே ஆண்டுகளில்தான் சென்னையில் இசைத்தட்டு வாணிகம் செழித்து வளர்ந்தது. குரலைப் பிடித்து வைக்கும் பொறி நாட்டில் இருந்தது. ஆயினும் அது காவிரிக் கரையின் அந்தக் குரல்களிடம் வந்து சேரவில்லை.

முதலாவது பக்தி

பிரகலாதன் எடுத்துரைத்த ஒன்பது வகைப் பக்தியுள் முதலாவது சிரவணம், அதாவது கேட்டல். பாடுதலாகிய கீர்த்தனம் அதற்கு அடுத்ததே. பரீட்சித்து மன்னன் தன் வாழ்நாளில் எஞ்சிய ஏழு நாளும் சுகமுனிவரிடம் பாகவதம் கேட்டான், கேட்டே கரையேறினான். திருவள்ளுவரும் கேள்விக்கென்று தனி அதிகாரம் ஒன்றை வகுத்தார்.

முதுமையில் இந்தக் கேட்டலின் அருமை இன்னும் தெளிவாகப் புலப்படும். கால் தளர்ந்தபின் மலைப்படி ஏற இயலாது. கண் மங்கியபின் தேவாரப் புத்தகத்தின் எழுத்துகள் கலங்கித் தெரியும். செவி மட்டும் நெடுந்தூரம் உடன் வருகிறது. அதுவும் சற்று மந்தமானாலும், பலகாலம் பழகிய பாட்டில் விடுபட்ட இடத்தை நினைவு தானே நிரப்பிக் கொடுக்கிறது.

ஆனால் கேட்பதற்கு ஒருகாலத்தில் பாடுபவர் எதிரில் இருந்தாக வேண்டும். ஓதுவார் உள்ள பெருங்கோயிலும், நாகசுர மேளம் உள்ள ஆதீனமும், கச்சேரி நடக்கும் சபையும் பெரும்பாலும் சோழ நாட்டு வயல்வெளியிலோ பெருநகரிலோ இருந்தன. ஏரியூர் போன்ற மேட்டு நிலத்து ஊர்களில் வாழ்ந்தோர்க்கு அவை யாத்திரை போனால் மட்டுமே கிட்டும் பேறு. அந்தத் தொலைவைக் குறைத்தது இசைத்தட்டு.

அரக்கில் பதிந்த குரல்

மனிதக் குரலைப் பதிந்து திரும்ப ஒலிக்கச் செய்யும் கருவியை 1877இல் அமெரிக்காவில் தாமஸ் எடிசன் உருவாக்கினார். அது உருளை வடிவம். அதைத் தட்டையான தட்டாக மாற்றியவர் எமில் பெர்லினர். அவருடைய கிராமபோன் 1887இல் பிறந்தது. 1902ஆம் ஆண்டின் இறுதியில் பிரெட் கைஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகியின் குரலைப் பதிந்தார். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அந்த அம்மையார் தம் பெயரை உரக்கச் சொல்லுவார். பதிந்தவற்றை ஜெர்மனியில் உள்ள ஹனோவர் நகருக்கு அனுப்பியே தட்டுகளாக அச்சிட வேண்டியிருந்தது. பாடியவர் இன்னார் என்பதை அயல்நாட்டுத் தொழிலாளர் அறிந்துகொள்வதற்காகவே இந்த ஏற்பாடு. நூற்றிருபது ஆண்டு கடந்தும், அந்தத் தட்டு எங்கே சுழன்றாலும் அவர் தம் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்றைய தட்டுகள் அரக்கினால் ஆனவை. மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசினே அரக்கு. அதனோடு கற்பொடியும் கரியும் பிறவும் கலந்து உருக்கி, சூட்டில் அழுத்தித் தட்டு செய்தனர். பாரதத்தில் பாண்டவரை எரிப்பதற்கென்று மாளிகை எழுப்பப் பயன்பட்ட அதே அரக்கு, இங்கே குரலைக் காக்கும் பொருளாயிற்று. பொருளில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. எடுத்தாளும் கையிலேயே எல்லாம் இருக்கிறது.

அந்தத் தட்டு ஒரு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். சாவி கொடுத்து, ஊசி மாற்றி, ஓசை எழுமுன் அமைதியாக அமர வேண்டும். 1925ஆம் ஆண்டை ஒட்டி மின்சார ஒலிவாங்கி வழக்கத்துக்கு வரும்வரை, பாடுவோர் ஒரு பெரிய கூம்பினுள் முகம் வைத்துக் குரலெடுத்துப் பாட நேர்ந்தது. ஆகவே முதற்காலத் தட்டுகளில் கணீரென்ற குரல்களே மிகுதி. 1948இல் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் நெடுந்தட்டு வந்தது. 1963இல் ஒலிநாடாப் பேழையாகிய கேசட் தோன்றியது; 1980களில் தமிழ்நாட்டுச் சிற்றூர்த் தேநீர்க்கடை வரையில் அது பரவியது.

ஒரு செவி, பல வாசல்

ஏரியூர்ப் பக்கத்துத் திண்ணையில் அமர்ந்து, அறுபது எழுபது ஆண்டுகளாக இவற்றையெல்லாம் கேட்டுவரும் முதியவர் ஒருவரை மனக்கண்ணில் நிறுத்திப் பார்க்கலாம். அவர் சபைக்குப் போனவர் அல்லர். திருவிழாவுக்கு மைக் செட் வைப்பவர் கொண்டுவந்த தட்டுகளும், இலங்கை வானொலியும், பிற்பாடு மகன் வாங்கி வந்த கேசட்டுகளுமே அவருடைய இசைக் கல்வி.

அவர் செவியில் முதலில் நுழைந்தவை பக்திப் பாடல்களே. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் காவிரிக் கரையிலேயே 1908இல் பிறந்தவர். நாடக மேடையில் எழுந்த அவருடைய குரல், தட்டின் வழியே தமிழகத்தின் மூலை முடுக்கெல்லாம் சென்றது. கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்தபின் வெண்ணிற ஆடை பூண்டு வாழ்ந்த அவ்வம்மையார், 1953இல் ஔவையாராகத் திரையில் தோன்றினார். அவருடைய குரலில் உள்ள துயரத்தையும் உறுதியையும் பிரித்தறிய இசை இலக்கணம் தேவையில்லை.

பிறகு சீர்காழி கோவிந்தராசனின் விநாயகர் பாடல் ஒலிக்காமல் எந்த ஊரிலும் விழா தொடங்காத காலம் வந்தது. டி.எம். சௌந்தரராசன் முருகனை அழைத்தார். தேவராய சுவாமிகள் அருளிய கந்தசஷ்டி கவசத்தைச் சூலமங்கலம் சகோதரிகள் பாடிய தட்டு, செவ்வாய்க்கிழமைகளின் ஓசையாகவே ஆகிவிட்டது. 1963இல் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதம் வெளிவந்தபின், திருமலைக்குப் போக வழியற்ற வீடுகளிலும் பொழுது பெருமாள் பெயரோடு புலர்ந்தது. அத்தட்டின் வருவாயை அவர் திருமலை தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கே அளித்துவிட்டார்.

ஆர்வமுள்ள செவி ஒரு வாசலோடு நிற்பதில்லை. பாட்டிலிருந்து நாகசுரத்துக்குப் போகிறது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி ராகம் தட்டில் வந்தபோது, அந்த ராகத்தின் பெயரையே அறியாதவர்களும் அதை நின்று கேட்டனர். கேட்டுப் பழகியவர்க்குக் காருகுறிச்சி அருணாசலத்தின் குழைவு வேறு, ராஜரத்தினத்தின் வீறு வேறு என்பது தானே விளங்கும். அங்கிருந்து ஓதுவார் வாசல். தருமபுரம் சுவாமிநாதன் பாடிய தேவாரப் பதிகங்களில் பக்கவாத்தியத்தின் ஆரவாரம் இல்லை. பண்ணும் சொல்லும் மட்டுமே முன் நிற்கும். மெல்லிசைக்குப் பழகிய செவிக்கு முதல்நாள் அது வறண்டதாகத் தோன்றலாம். பத்தாம் நாள் அந்த அடக்கமே இனிக்கும்.

தருமபுரி மண்ணில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வழங்குகின்றன. ஆகையால் அன்னமாசாரியரின் தெலுங்குக் கீர்த்தனையோ புரந்தரதாசரின் கன்னடப் பதமோ இங்குள்ளோர்க்கு அயலானவை அல்ல. கர்நாடகத்துக் கதக் பகுதியில் பிறந்து இந்துஸ்தானி இசையில் சிகரம் தொட்ட பீம்சேன் ஜோஷி, அதே தாசர் பதங்களையும் மராத்திய அபங்கங்களையும் பாடிய பதிவுகள் உண்டு. புரந்தரதாசர் பதத்தை நம் பாகவதர்கள் பாடக் கேட்டபின் அவர் பாடக் கேட்டால், ஒரே திருமேனியை வேறு அலங்காரத்தில் தரிசித்தது போலிருக்கும்.

இன்னும் ஓர் உண்மையையும் இந்தத் தட்டுகள் ஓசையின்றி உணர்த்தின. காசியில் பாலாஜி கோயிலில் அமர்ந்து சாதகம் செய்து ஷெனாய் வாசித்த பிஸ்மில்லா கான் ஓர் இசுலாமியர். ஆந்திரத்திலிருந்து வந்து திருவரங்கத்தைத் தம் ஊராக்கிக்கொண்ட நாகசுர மேதை ஷேக் சின்ன மௌலானாவும் அவ்வாறே. மாரியம்மன் பண்டிகை தோறும் ஒலிக்கும் எல்.ஆர். ஈசுவரியும், சபரிமலையில் நடை சாத்தும் வேளையில் அரிவராசனமாக ஒலிக்கும் யேசுதாசும் கிறித்தவக் குடும்பங்களில் பிறந்தவர்கள். நாகூர் இ.எம். ஹனீபாவின் இறைப் பாடல்களை, விபூதி பூசிய நெற்றியோடு கேட்டு மகிழ்ந்த வீடுகள் தமிழகத்தில் எண்ணற்றவை. பண்ணவாடியில் நந்தியும் கிறித்தவக் கோபுரமும் ஒரே நீரிலிருந்து எழுவதைப் போல, இந்தக் குரல்கள் எல்லாம் ஒரே தட்டுப் பெட்டியிலிருந்து எழுந்தன.

இத்தகைய கேட்டலையே வாழ்நாள் பணியாகக் கொண்டோரும் உண்டு. சென்னை வி.ஏ.கே. ரங்கா ராவ் பல மொழிகளிலும் பல வகைகளிலும் பல்லாயிரம் இசைத்தட்டுகளைத் திரட்டியவர். திரட்டியதோடு அமையாமல், எந்தத் தட்டில் யார் பாடினார், இசை யாருடையது என்று ஆராய்ந்து எழுதியும் வந்தார். சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் பழைய நூல்களோடு இசைத்தட்டுகளையும் பேணி வருகிறது. இவர்கள் இல்லையேல் அரக்குத் தட்டுகள் பல பழைய இரும்புக் கடைகளின் மூலையிலேயே நொறுங்கியிருக்கும்.

யாழ் அறிந்த எல்லை

பாட்டைக் காப்பது என்பது நம் சமயத்துக்குப் புதிய கவலை அன்று.

திருஞானசம்பந்தரோடு தலந்தோறும் சென்று, அவர் பாடிய பதிகங்களை யாழில் இட்டு வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். காரைக்காலுக்கு அருகில் உள்ள திருத்தருமபுரத்தில், பாணரின் சுற்றத்தார் சிலர் அவர் யாழில் வாசிப்பதாலேயே பதிகம் சிறப்படைகிறது என்று பேசினர். பாணர் மனம் பதைத்தார். யாழில் அடங்காத பாட்டு ஒன்றைப் பாடி உண்மையை உலகறியச் செய்யுமாறு பிள்ளையாரை வேண்டினார். சம்பந்தர் பாடிய அப்பதிகம் யாழின் நரம்பில் அகப்படவில்லை. பாணர் யாழையே முறிக்க ஓங்கினார். பிள்ளையார் தடுத்து, இறைவன் புகழ் முழுவதும் கருவியில் அடங்குமோ, அடங்கிய அளவில் வாசிப்பீராக என்று அருளினார். அப்பதிகம் யாழ்மூரி என்று பெயர் பெற்றது.

கருவியில் பாட்டு முழுமையாக அடங்காது என்பது அந்நிகழ்ச்சி தரும் முதல் பாடம். அதற்காகக் கருவியை முறிக்க வேண்டியதில்லை என்பது இரண்டாம் பாடம். மூன்று நிமிடத் தட்டில் தோடியை அடக்க நேர்ந்த ராஜரத்தினமும், அடங்கிய அளவில் வாசித்தவரே.

காலம் சென்றது. மூவர் பாடிய பதிகங்கள் தில்லையில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியின் வழிகாட்டுதலால் சோழ மன்னன் அந்த அறையைத் திறக்கச் செய்தபோது, ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் வார்த்துப் புற்றை நீக்கி எடுத்தனர். செல்லரித்தவை போக எஞ்சியவையே இன்று நமக்குக் கிடைத்துள்ள தேவாரம். அதனோடு கதை முடியவில்லை. ஏட்டில் எழுத்து இருந்தது, பண் இல்லை. எந்தப் பதிகத்தை எவ்வாறு பாடுவது என்று சொல்ல ஏடு அறியாது. விருத்தாசலத்துக்கு அருகே இன்று இராசேந்திரப்பட்டினம் என்று வழங்கும் திருஎருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் தோன்றிய பெண்மணி ஒருவர் இருப்பதை இறைவன் அருளால் அறிந்தனர். அவ்வம்மையார் பாடிக் காட்டியபடியே பதிகங்களுக்குப் பண் வகுக்கப்பட்டது. திருமுறைகண்ட புராணம் கூறும் வரலாறு இது.

மன்னனிடம் படை இருந்தது, பொருள் இருந்தது, ஏடும் கிடைத்துவிட்டது. ஆயினும் தேவாரத்தின் இசை முழுவதும் ஒரு பெண்ணின் தொண்டையில் இருந்தது. அவர் சொல்லிக் கொடுக்காமல் மறைந்திருப்பின், எழுத்து மட்டுமே எஞ்சியிருக்கும்.

திருமலையிலும் இதைப் போன்ற ஒன்று நிகழ்ந்தது. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அன்னமாசாரியர் 32,000 கீர்த்தனைகள் பாடினார் என்பது மரபு. அவருடைய குடும்பத்தார் அவற்றைச் செப்பேடுகளில் பொறித்துக் கோயிலின் ஓர் அறையில் வைத்தனர். இருபதாம் நூற்றாண்டில் அச்செப்பேடுகள் ஆராய்ந்து பதிப்பிக்கப்பட்டபோது, கீர்த்தனைகள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் கிடைத்தன. செம்பில் சாகித்தியம் இருந்தது. ராகத்தின் பெயரும் இருந்தது. அவர் பாடிய மெட்டு இல்லை. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலிய அறிஞர்கள் புதிதாக மெட்டமைத்தனர். எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய பாலாஜி பஞ்சரத்தினமாலைத் தட்டுகள் அவற்றில் பலவற்றை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. இன்று நாம் கேட்பது அன்னமாசாரியரின் சொல்லை. அவருடைய குரல் திருமலையின் காற்றோடு கலந்துபோயிற்று.

பொறி கொண்டுபோனது

ஏட்டுக்கும் செம்புக்கும் இயலாததை அரக்குத் தட்டு செய்தது. குரலையே வைத்துக் காத்தது. அதே பொறி ஒன்றை எடுத்துக்கொண்டும் போயிற்று என்பதை மறைப்பதற்கில்லை.

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்கள் பலவற்றில் திரௌபதி அம்மன் விழாவின்போது பாரதம் படிப்பதும் தெருக்கூத்து ஆடுவதும் வழக்கம். இரவெல்லாம் நடக்கும் அக்கூத்தில் மிருதங்கமும் ஹார்மோனியமும் முகவீணையும் ஒலிக்கும். கட்டியங்காரன் சிரிக்க வைப்பான். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான். படுகளத்தில் துரியோதனன் வீழும்போது முன்வரிசைப் பாட்டிமார் கண்ணைத் துடைத்துக்கொள்வர். அந்தப் பாடல்கள் வாத்தியாரிடமிருந்து மாணாக்கனுக்கு வாய்வழியே வந்தவை.

கூம்பு ஒலிபெருக்கி வந்தபின், நேரில் பாடுவோர் இல்லாமலே திருவிழா நடத்தலாம் என்றாயிற்று. மேளக்காரருக்கு வேலை குறைந்தது. எல்லா ஊரிலும் ஒரே பாட்டு ஒலித்தது. ஓர் ஊரின் அம்மனுக்கே உரிய வருணிப்பும், அந்த ஊரின் பெயரையும் ஏரியையும் எல்லைச் சாமியையும் சொல்லி வாழ்த்தும் கும்மியும், ஒலிபெருக்கியின் இரைச்சலில் அமிழ்ந்தன. மேட்டூர் நீரைப் போலவே இதுவும் ஒரு நீர்ப்பரப்பு. அணை நீர் பயிர் விளைவிக்கிறது. அதன் அடியில் ஊர்களும் கிடக்கின்றன.

குற்றம் பொறியினுடையது அன்று. மிகுந்த ஓசையைக் கேட்டல் என்று நாம் மயங்கியதே குற்றம். நாள் முழுவதும் ஒலிக்கும் பாட்டை எவரும் கேட்பதில்லை. சுப்ரபாதம் ஒருபுறம் ஒலிக்க, மறுபுறம் பேச்சும் சமையலும் நடந்தால் அது சிரவணம் ஆகாது. பழைய தட்டில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டியிருந்தது. அந்தச் சிரமமே கேட்பவரை விழித்திருக்கச் செய்தது. இன்று கைப்பேசியில் முடிவில்லாமல் ஓடும் பாட்டுக்கு அந்தக் கட்டுப்பாட்டை நாமே விதித்துக்கொள்ள வேண்டும். ஒரு வேளைக்கு ஒரு பாட்டு, அதை முழுமையாகக் கேட்பது, முடிந்தபின் சற்று நேரம் மௌனம் காப்பது. இது பூசைக்குரிய ஒழுங்கு, கேட்டலுக்கும் உரியது.

பரணில் பழைய தட்டுகளோ கேசட்டுகளோ வைத்திருப்போர் அவற்றை எறிந்துவிட வேண்டாம். அரக்குத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம்போல் நிறுத்தி வைப்பது நல்லது. உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தாலே போதும். ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்துவிடும். கேசட்டுகளை வெயிலும் ஈரமும் படாத இடத்தில், காந்தம் உள்ள ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அருகில் அல்லாமல் வைக்க வேண்டும். நெடுநாள் கிடந்ததை ஓட விடுமுன் ஒருமுறை முழுதும் சுற்றி எடுப்பது, நாடா ஒட்டி அறுபடாமல் காக்கும். குடும்பத்தார் யாரேனும் பேசியதோ பாடியதோ அவற்றுள் இருக்குமாயின், அதைக் கணினிக்கு மாற்றித் தரும் கடைகள் நகரங்களில் உள்ளன.

பேரப்பிள்ளையின் கைப்பேசி

வெளியான தட்டுகளைக் காக்க ஆர்வலர் உளர், நூலகங்கள் உள. தட்டில் ஏறாத பாட்டைக் காக்க எவர் உளர்? அதை அறிந்தவர் மட்டுமே உளர். அவரும் இன்று எழுபதோ எண்பதோ கடந்து, தம்மிடம் அப்படி ஒரு செல்வம் இருப்பதையே அறியாமல் திண்ணையில் அமர்ந்திருப்பார்.

முதியோர் பலர் தமக்குப் பாடத் தெரியாது என்று சொல்வதுண்டு. சபையில் பாடத் தெரியாமல் இருக்கலாம். பேரனைத் தொட்டிலில் இட்டுப் பாடிய தாலாட்டு தெரியும். மார்கழியில் தாயார் முணுமுணுத்த துதி தெரியும். ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது பாட்டி தொடங்கிய வரியும், அதற்குப் பின் எல்லாரும் சேர்ந்து எடுத்த வரியும் தெரியும். அந்தப் பாட்டை யார் இயற்றினார் என்று எந்த நூலிலும் இராது. பாடுவது நின்றால் அது இல்லாமற்போகும்.

கௌஹர் ஜானின் குரலைப் பதிய ஒருவர் கடல் கடந்து வர வேண்டியிருந்தது. இன்று அந்தப் பொறி பேரப்பிள்ளையின் சட்டைப்பையில் இருக்கிறது. மாலையில் மின்விசிறியை நிறுத்தி, தொலைக்காட்சியை அணைத்து, கைப்பேசியைப் பாடுபவருக்கு எதிரே ஒரு முழ தூரத்தில் வைத்தாலே போதும். பாட்டு தொடங்குமுன் மூன்று செய்திகளைச் சொல்ல வேண்டும்: பாடுபவரின் பெயரும் ஊரும், இந்தப் பாட்டு எந்தத் தெய்வத்துக்கு, எந்த வேளையில் பாடப்படுவது, இதைத் தமக்குச் சொல்லித் தந்தவர் யார். இறுதியில் ஆண்டையும் மாதத்தையும் சொல்லலாம். இவை இல்லாத பதிவு, பெயர் பொறிக்காத கல்லைப் போன்றது. ஐம்பது ஆண்டு கழித்துக் கேட்பவர்க்கு அது யாருடைய குரல் என்று தெரியாது.

குரல் நடுங்குமே என்று தயங்க வேண்டாம். இடையில் வரி மறந்துபோனால் நிறுத்தி, நினைவு வந்தபின் தொடரலாம். இருமல் வந்தால் அதுவும் பதிவாகட்டும். இந்தப் பதிவு கடையில் விற்பதற்கன்று. இன்னும் பிறவாத கொள்ளுப்பேத்தி ஒருத்தி, தன் பிள்ளையைத் தூங்கவைக்கும் இரவில் கேட்பதற்கு. ஒரே கைப்பேசியில் வைத்திருப்பது நிலையில்லாதது. உறவினர் இருவர் மூவருக்கு அனுப்பி வைத்தால் ஒன்று தொலைந்தாலும் மற்றொன்று நிற்கும்.

பதிந்தது போதும் என்று அமைவதும் தகாது. சம்பந்தர் பாணருக்குச் சொன்னது இங்கும் பொருந்தும். கருவியில் அடங்குவது அடங்கிய அளவே. பாட்டைப் பேத்தியை அருகில் அமர்த்தி நேரில் சொல்லித் தருவதே அதன் நிறைவு. ஊரில் கூத்து நடக்குமாயின், தூக்கம் வருமளவேனும் போய் அமர்ந்து வரலாம். கோயிலில் ஓதுவாரோ மேளக்காரரோ இருப்பின், அவர் வாசித்து முடிக்கும்வரை நின்று கேட்டு ஒரு நல்ல சொல் சொல்லலாம். தட்டில் கேட்டுத் தேர்ந்த செவிக்கு, நேரில் பாடுபவரின் அருமை பிறரைவிட நன்றாகத் தெரியும்.

திருஎருக்கத்தம்புலியூர் அம்மையாரின் பெயரைக்கூட வரலாறு நமக்குத் தரவில்லை. அவரைத் தேடி மன்னனே வந்தான். அதனால் தேவாரத்தின் பண் பிழைத்தது. ஏரியூர்த் திண்ணைக்கு மன்னன் யாரும் வரப் போவதில்லை. பள்ளி விட்டு வரும் பேத்திதான் வருவாள். அவளை அழைத்து அருகில் இருத்திக்கொள்ள வேண்டியவர், பாட்டை அறிந்த பாட்டியே.

அடுத்த கோடையில் நீர் தாழ்ந்தால், பண்ணவாடியில் நந்தி மீண்டும் எழும். அதைக் காணப் போகிறவர்கள் பரிசல் துறையில் சிறிது நேரம் அமர்ந்து, தம் தாய் பாடிய பாட்டு ஒன்றை நினைவுக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். ஒரு வரியேனும் வந்துவிட்டால், வீடு திரும்பியதும் பேத்தியை அழைக்கக் காரணம் கிடைத்துவிட்டது.